மீன் தொட்டிக்கு ஒரு தைலக்கட்டை

பெண் பார்க்கும் நாளில் எல்லோரும்தான் பொய் சொல்கிறார்கள். கடையில் வாங்கிய பஜ்ஜியைப் பெண் போட்டது என்பார்கள். எட்டு மணிக்கு எழுப்பினாலும் திட்டுகிறவளை, விடியற்காலையில் எழுந்து கோலம் போடுகிறவள் என்பார்கள். பையன் வீட்டில் ‘எங்களுக்கு ஒன்னும் வேணாங்க, பொண்ணு மட்டும் போதும்’ என்பார்கள். இதற்கெல்லாம் யாருக்கும் தண்டனை கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் சொன்ன பொய் ஒரே ஒரு வார்த்தை. அதுவும் என்னைப் பற்றிக்கூட இல்லை, ஒரு பிளாஸ்டிக் துண்டைப் பற்றி. ஆனால் தண்டனை மட்டும் வட்டியும் முதலுமாக வந்தது.

எங்கள் வீடு சாம்பியன் ரீப்ஸில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லைன் வீடுகளில் ஒன்று. முன்னால் ஒரு ஹால் (ஹால் என்பது மரியாதைக்கு), பின்னால் ஓர் அறை, சமையல்கட்டு, பாத்ரூம். நான் தினமும் காலை ரயில் பிடித்து பெங்களூரில் ஓர் அலுவலகத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். எனக்கென்று இருந்த ஒரே ஆடம்பரம் ஹாலில் இருந்த இரண்டடி மீன் தொட்டி. அதில் நான்கு தங்கமீன்கள். நடுவில், காய்ந்த மரம் மாதிரி செய்த ஒரு பிளாஸ்டிக் சாமான். அச்சில் வார்த்த கோடு அதன் முதுகில் பளிச்சென்று தெரியும்.

அப்போதுதான் தினகரனின் ஜாதகம் வந்தது. பையனுக்கு ஒயிட்ஃபீல்டில் வேலை, வீடு ஸ்கெலட்டனில். (எங்கள் ஊரில் அது ஒரு பகுதியின் பெயர். ‘மாப்பிள்ளை ஸ்கெலட்டன்’ என்று அலுவலகத்தில் சொன்னபோது, ‘பரவாயில்ல வனிதா, கல்யாணத்துக்கு அப்புறம் சாப்பாடு போட்டுத் தேத்திடலாம்’ என்று ஆறுதல் சொன்னார்கள்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும், அவருடைய அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். பஜ்ஜி ஆனது, காபி ஆனது. ‘ரெண்டு பேரும் தனியா பேசுங்க’ என்றார்கள். எங்கள் வீட்டில் தனியாகப் பேசுவது என்றால், மற்றவர்கள் அதே ஹாலில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வது. தினகரன் என்னைப் பார்க்கக் கூச்சப்பட்டு மீன் தொட்டியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

“அந்த மரம் பிளாஸ்டிக்குங்களா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு பரீட்சை வாசனை அடித்தது. பிளாஸ்டிக் வைக்கிற பெண் என்று நினைத்துவிடுவாரோ?

“இல்லீங்க. நேச்சுரல்” என்றேன்.

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. “ஓ... எங்க வீட்லயும் தொட்டி கீதுங்க. நேச்சுரல் மரம்தாங்க வச்சிருக்கேன்” என்றார்.

அவ்வளவுதான் பேசினோம். அந்த முதுகுக் கோட்டை இருவருமே கொஞ்ச நேரம் பார்த்தோம்.

போகும்போது அவருடைய அம்மா, “வர ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு இவங்க பெரியப்பாவ இட்டுகினு வரோம். நாலு பேருதான். அவரு பாத்துட்டு சரின்னா முடிச்சிரலாம்” என்றார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் கணக்குப் போட்டேன். தினகரன் மீன் வளர்ப்பில் நிபுணர். அடுத்த ஞாயிறு மறுபடியும் அந்தத் தொட்டிக்கு எதிரில்தான் உட்காருவார். அதற்குள் உள்ளே இருப்பது நிஜ மரமாக மாறியிருக்க வேண்டும். ஏழு நாட்கள்.

மறுநாள் வேலை முடிந்ததும் ராபர்ட்சன்பேட்டையில் மீன் கடை வைத்திருக்கும் நசீர் பாயிடம் போய் நின்றேன். “நேச்சுரல் மரம் ஒன்னு வேணும் பாய்.”

“இப்ப ஸ்டாக் இல்லம்மா. நீயே எடுத்துக்க, ஆனா கண்டதையும் போட்ராத” என்று விரல் விட்டு எண்ணினார். “பச்சை மரம் வேணாம். பால் வர்ற மரம் வேணாம். வாசனை வர்ற மரம் வேணவே வேணாம். ஏரியில கெடந்து நல்லா காஞ்சு கெட்டியா இருக்கணும், நகத்தால கீறுனா எறங்கக் கூடாது. பட்டைய உரிச்சிடு. நல்லா கொதிக்க வை. அப்புறம் ரெண்டு மூணு வாரம் தண்ணில ஊறணும், தெனம் தண்ணி மாத்து. சாயம் நின்னு, கட்டை தானா முழுகணும். அப்பதான் மீனுகிட்ட வுடணும்.”

“அவசரமா வேணும்னா?”

“அவசரமா வேணும்னா பிளாஸ்டிக் வாங்கிக்க” என்றார் நசீர் பாய்.

புதன்கிழமை அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு (பொய் நம்பர் இரண்டு) பூதிகோட்டைக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஏரி பாதி வற்றிக் கிடந்தது. கரையோரம் முழுக்கத் தைல மரத் தோப்பு. சேற்று ஓரத்தில், வெயிலில் வெளுத்துப்போய், ஒரு வேர்க்கட்டை கிடந்தது. இரண்டரை அடி நீளம், மேல்பக்கம் இரண்டு முண்டு, கீழே கால் மாதிரி கிளைகள். நகத்தால் கீறினேன், நகம்தான் உடைந்தது. முகர்ந்து பார்த்தேன், சேற்று வாசனைதான். மேலே காற்றில் அசைந்துகொண்டிருந்த ஐந்நூறு தைல மரங்களுக்கும் இந்த வேருக்கும் ஏதாவது உறவு இருக்குமோ என்று ஒரு விநாடிகூட எனக்குத் தோன்றவில்லை. நான் பி.காம். முதல் வகுப்பு.

திரும்பும் பஸ்ஸில் கட்டையை மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர், “ஏனம்மா இது?” என்று கன்னடத்தில் கேட்டார். “மீனுக்கு” என்றேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். “மீனு இதன்ன தின்னத்தா?” என்றார். மீன் இதைத் தின்னுமா என்று. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கட்டைக்கும் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

வீட்டில் அப்பா குஷியாகிவிட்டார். கனரக இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பரிசோதிக்க ஒன்றும் இல்லாமல் அம்மாவின் சப்பாத்திகளை அளந்துகொண்டிருந்தார். ஸ்டீல் டேப்பை எடுத்தார்.

“தொட்டி இருபத்திநாலு இன்ச்சு. கட்டை முப்பது. இன்னாம்மா அளக்காமயே எடுத்துகினு வந்துட்ட?”

“அவசரம்ப்பா.”

“அவசரத்துல தான் பீஸ் ரிஜெக்ட் ஆவும்” என்று ரம்பத்தை எடுத்தார். ஒரு முனையைச் சாய்வாக அறுத்தார். அறுத்த இடம் சொரசொரவென்று இருக்க அவர் மனம் ஒப்பவில்லை. இரண்டு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வழவழவென்று, நீளமாக, முன்னால் குறுகலாக ஆக்கினார். அந்த முனைக்குப் பின்னால் இரண்டு முண்டுகளும் சமமாக நின்றன. ‘நல்லா கீதுல்ல?’ என்றார். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. அது எதைப் போல இருக்கிறது என்று எங்கள் இருவரில் யாரும் யோசிக்கவில்லை.

அடுத்தது கொதிக்க வைப்பது. அம்மா எந்தப் பாத்திரத்தையும் தர மறுத்துவிட்டார். “சாப்புடற ஏனத்துல ஏரிக்கட்டைய வேக வப்பியா?” தவிர, எந்தப் பாத்திரத்திலும் அது நுழையவும் இல்லை. அப்பா வாடகைப் பாத்திரக் கடைக்குப் போனார். கல்யாணத்துக்குப் பிரியாணி போடும் பெரிய டேக்சாவைக் கைகாட்டினார். கடைக்காரர், “எத்தன பேருக்கு சார்?” என்று கேட்டார்.

அப்பா பொய் சொல்லாதவர். மீன்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்து, “நாலு பேருக்கு” என்றார்.

நூறு பேருக்குச் சோறு பொங்கும் டேக்சாவை நாலு பேருக்கு எடுத்துப் போகிறவர் எதையோ மறைக்கிறார் என்று அந்தக் கடைக்காரருக்குத் தோன்றியதில் தப்பில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டேக்சா எங்கள் வாசலில் வந்து இறங்கியது. அது உருண்டு வந்த சத்தம் எங்கள் லைன் முழுக்கக் கேட்டது.

“இன்னா விசேஷம்? சொல்லவே இல்ல?” என்றார் எதிர் வீட்டு விக்டோரியா அக்கா.

“ஒன்னும் இல்லக்கா, சும்மா” என்றார் அம்மா. பேச்சு முடிவாகும் முன் வெளியில் சொல்லக்கூடாது என்று அவருக்குப் பயம். சும்மா ஒரு பிரியாணி டேக்சாவை வாசலில் வைக்கும் குடும்பத்தை விக்டோரியா அக்கா அதுவரை பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். தண்ணீர் கொதித்தது. கட்டை உள்ளே மெதுவாக உருண்டு புரண்டது. அரை மணி நேரத்தில் தண்ணீர் டிகாஷன் நிறமானது. சாயம் இறங்குகிறது என்று மகிழ்ந்தேன். முக்கால் மணி நேரத்தில் வாசனை வந்தது.

சளி பிடித்தால் நெஞ்சில் தேய்ப்போமே, அந்த வாசனை. லைன் முழுக்க, ஐந்து நிமிடத்தில், யாரோ ஒரு லாரி தைலத்தைக் கொட்டிவிட்ட மாதிரி. அப்போதுதான் எனக்கு அந்தத் தோப்பு ஞாபகம் வந்தது. மேலே அசைந்த ஐந்நூறு மரங்களும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தன.

விக்டோரியா அக்கா வெளியே வந்தார், ஆழமாக மூச்சு இழுத்தார், உள்ளே போனார். திரும்பி வரும்போது இருமிக்கொண்டிருந்த கணவரையும் ஒரு போர்வையையும் கொண்டு வந்தார். “அஞ்சு நிமிஷம் ஆவி புடிச்சிக்கட்டும் வனிதா, ரெண்டு வாரமா மூக்கடைப்பு.” அவர் டேக்சாவுக்கு மேல் குனிந்து போர்வையை மூடிக்கொண்டார். அடுத்து இன்னொரு வீட்டிலிருந்து ஒருவர் வந்தார். மதியத்துக்குள் ஏழு பேர் வரிசையில் நின்று எங்கள் கட்டையில் ஆவி பிடித்தார்கள். அப்பா ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘வாசனை வர்ற மரம் வேணவே வேணாம்.’ நசீர் பாயின் விரல் என் கண் முன்னால் ஆடியது. அந்த இடத்தில் நான் கட்டையை அடுப்பில் சொருகியிருக்க வேண்டும். ஆனால் நாளை ஞாயிற்றுக்கிழமை. வேறு மரம் இல்லை. மீன்களைக் கொல்லவும் மனம் வரவில்லை. எனவே என் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்தது என்று அன்று நான் நினைத்த ஒரு யோசனை தோன்றியது. மீன்களை எடுத்து பாத்ரூம் பக்கெட்டில் விட்டேன். மரம் தொட்டியில் இருக்கட்டும், மீன்கள் பக்கெட்டில் இருக்கட்டும், அவர்கள் போனதும் மாற்றிக்கொள்ளலாம். மீன் இல்லாத மீன் தொட்டியைப் பார்த்து யாருக்காவது சந்தேகம் வருமே என்பது அந்த யோசனையில் சேரவில்லை.

ஞாயிறு காலை கட்டையைத் தொட்டியில் வைத்தோம். மிதந்தது. அப்பா ஒரு கடப்பாக்கல் துண்டை அடியில் வைத்து, என் தலைமுடி ரப்பர் பேண்டுகள் ஆறைப் போட்டு இரண்டையும் கட்டினார். முழுகியது. “இது வெறும் ட்ரையல் பிட்டிங் தான். ரெண்டு மணிக்கு மேல கல்லுல ஓட்டை போட்டு ஸ்க்ரூ முடுக்கிடறேன். நாலு மணிக்குத்தானே வராங்க?” என்றார்.

பன்னிரண்டரை மணிக்கு வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. அதிலிருந்து தினகரனின் அம்மா இறங்கினார், பட்டுப் புடவையில். பிறகு அப்பா. பிறகு பெரியப்பா. பிறகு தினகரன். கதவு மூடவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பதினாலு பேர்.

“நாலு மணின்னு...” என்று ஆரம்பித்தார் அம்மா.

“எங்க லைன்ல எல்லாரும் சொன்னாங்க, பெரிய டேக்சா எறக்கி பிரியாணி போடறாங்கன்னு. நீங்க இவ்ளோ பண்ணும்போது நாங்க நாலு பேரா வந்து பஜ்ஜி துன்னுட்டுப் போனா மரியாதையா இருக்குமா? அதான் எல்லாரையும் இட்டுகினு வந்துட்டேன்” என்றார் தினகரனின் அம்மா, பெரிய மனதோடு. வாடகைப் பாத்திரக் கடைக்காரரின் மச்சினி அவர்கள் லைனில்தான் இருக்கிறாள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

சமையல்கட்டில் நான்கு பேருக்கு அறுத்த வாழைக்காய் இருந்தது. அம்மா உள்ளே போய் ரவை டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

பதினாலு பேரும் ஹாலில் நெருக்கி உட்கார்ந்தார்கள். தினகரனின் அம்மாவுக்கு மரியாதையாக நாற்காலி போட்டோம். போட்ட இடம் தொட்டிக்குப் பக்கத்தில். தொட்டித் தண்ணீர் அதற்குள் பால் விடாத கட்டங்காபி நிறத்துக்கு வந்துவிட்டது. தினகரன் அதைப் பார்த்தார். ஏனோ அவர் முகம் வெளிறியது.

“இன்னாம்மா, மீனு ஒன்னும் காணோம்?” என்றார் பெரியப்பா.

“உள்ளதான் கீதுங்க. புது ஆளுங்களப் பாத்தா கூச்சப்படும்” என்றேன். (எத்தனையாவது பொய் என்பதை நான் எண்ணுவதை நிறுத்தியிருந்தேன்.)

“நம்ம பொண்ணு மாதிரியே” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா, பாத்ரூம் எங்கே என்று கேட்டு எழுந்து போனார். எனக்கு உறைக்க இரண்டு நிமிடம் ஆனது. உறைத்தபோது அவர் திரும்பி வந்துகொண்டிருந்தார். கையில் தண்ணீரோடு மக்கு.

“அம்மா வனிதா, காலு கழுவலாம்னு மொண்டேன். மீனு வருது” என்றார்.

மக்குக்குள் ஒரு தங்கமீன் வாயைத் திறந்து மூடியது.

எல்லோரும் மக்குக்குள் எட்டிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து, தொட்டிக்குள்ளிருந்து ‘டப்’ என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. ஆறு ரப்பர் பேண்டுகளில் எத்தனை மிச்சம் என்று யோசிப்பதற்குள், கறுத்த தண்ணீருக்குள் ஏதோ நிமிர்ந்தது. அப்பா இரண்டு நாள் வழவழப்பாக்கிய அந்த நீள முனை, பின்னால் இரண்டு முண்டுகளோடு, மூடியை முட்டித் தள்ளிக்கொண்டு விருட்டென்று வெளியே வந்து, தினகரனின் அம்மாவை முகத்துக்கு முகம் பார்த்தது.

“முதல!” என்று நிஜ முதலையையே பார்த்துவிட்ட மாதிரி அலறினார் அவர்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் முழுசாகப் பார்க்கவில்லை, ஏனென்றால் யாரோ என் காலை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். பதினாலு பேரும் ஒரே வாசலில் வெளியேற முயன்றார்கள். பெரியப்பா மக்கைத் தூக்கிப் பிடித்தபடி நாற்காலி மேல் ஏறிவிட்டார். மீனைக் காப்பாற்றுகிறாராம். தினகரனின் அம்மா வாசலுக்கு வெளியே, பட்டுப் புடவையில் டிகாஷன் சொட்ட, “பொண்ணு வீட்ல முதல வளக்கறாங்க!” என்று விக்டோரியா அக்காவிடம் முறையிட்டார்.

அப்பா கட்டையை இரு கையாலும் தூக்கி வந்து எல்லோருக்கும் காட்டினார். “முதல இல்லீங்க. தைலக்கட்டை. முனை மட்டும் நான் பினிஷ் பண்ணது” என்றார், சற்றுப் பெருமையாக. ஹாலே தைலம் மணத்தது.

அதற்கு மேல் மறைக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. வாசலில் நின்று, லைன் முழுக்கக் கேட்க, பிளாஸ்டிக்கில் ஆரம்பித்து பக்கெட் வரை அழுதுகொண்டே சொன்னேன். சம்பந்தம் போய்விட்டது என்பது உறுதி. வாசலில் தலை குனிந்து நின்ற அம்மாவைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

தினகரன் மெதுவாக முன்னால் வந்தார்.

“நான் அன்னைக்கு இன்னாத்துக்குக் கேட்டேன்னா...” என்றார். “அந்த பிளாஸ்டிக் மரம் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. எந்தக் கடையில வாங்குனீங்கன்னு கேக்கலாம்னு. நீங்க நேச்சுரல்னு சொன்னதும் எனக்கு அசிங்கமாப் போச்சு. அதான் நானும் நேச்சுரல்னு வுட்டேன். கல்யாணம் முடிவானா எங்க வீட்டுக்கு வந்து பாப்பீங்களேன்னு, கொய்யா மரத்துல ஒரு கெளைய வெட்டிப் போட்டேன். தண்ணி நாறிப்போச்சு.”

“மீனு?” என்றேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“பக்கெட்ல கீதுங்க.”

அவருடைய அம்மா புடவையைப் பிழிவதை நிறுத்தினார். “அதான் அஞ்சு நாளா அந்த செவப்பு பக்கெட்ட தொட வுடலியா நீ?” என்றார். தினகரன் தலையைக் குனிந்தார். முதலில் சிரித்தது விக்டோரியா அக்காவின் கணவர்தான். அவருக்கு மூக்கடைப்பு சுத்தமாகப் போயிருந்தது.

மதியம் மூன்று மணிக்குப் பதினாலு பேரும் ரவை உப்புமா சாப்பிட்டார்கள். தினகரனின் அம்மா உப்புமாவைக் கடைசி வாய் வரை சாப்பிட்டு முடித்தார். கை கழுவ எழுந்தபோது (பக்கெட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கழுவினார்) என் அம்மாவிடம் சொன்னார்: “இதுங்க ரெண்டும் ஒரே மாதிரி பொய் சொல்லுதுங்க, ஒரே மாதிரி மாட்டிக்குதுங்க. வேற எடத்துல குடுத்தா அவங்க தாங்க மாட்டாங்க. தேதி பாருங்க.”

கல்யாணம் முடிந்து ஆறு வருடம் ஆகிறது. ஸ்கெலட்டனில் எங்கள் தொட்டியில் இப்போது நிஜமான மரம் இருக்கிறது. பட்டை உரித்து, கொதிக்க வைத்து, மூன்று வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, தானாக முழுகிய பிறகுதான் மீன்களிடம் விட்டோம். வைத்த புதிதில் அதன் மேல் வெள்ளையாகப் பாசி மாதிரி படர்ந்தது. நான் பயந்துபோய் ஓடினேன். ‘அது தானா போயிடும்மா, ஒன்னும் பண்ணாது’ என்றார் நசீர் பாய். போயும் போய்விட்டது.

ஆனால் அந்த ‘முதல’ மட்டும் போகவில்லை. அது ஸ்கெலட்டனில் இருந்து மாரிகுப்பம் போய், பங்காருப்பேட்டை போய், ரயிலேறி பெங்களூர் வரை போய்விட்டது. போகப் போக வளர்ந்தும்விட்டது. என் மாமியார் சொந்தக்காரர்களிடம் என்னை ‘முதல வச்சிருந்த பொண்ணு’ என்றுதான் அறிமுகப்படுத்துவார். நாத்தனார் பிள்ளைகள் என்னை முதல அத்தை என்றே கூப்பிடுகிறார்கள்.

போன மாதம் பங்காருப்பேட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த, நான் முன்பின் பார்த்திராத ஓர் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாயசம் வந்ததும் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“நீதானம்மா அந்த முதல பொண்ணு? அது இப்ப எங்க கீது?”

எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை. பாயசம் வேறு ஆறிக்கொண்டிருந்தது.

“செத்துப்போச்சுங்க” என்றேன்.

அந்த அம்மா உச்சுக்கொட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். “அழுவாதம்மா. வளத்த பாசம் இருக்குமில்ல” என்றார். பிறகு தன் இலையிலிருந்த லட்டை எடுத்து என் இலையில் வைத்தார்.